நாலாவது தேசிக்காய்

போன குளிர்காலம் முழுக்க எங்கள் யூனியன்வில் வீட்டுக் கராஜில், ஏறியிருந்து ஓட்டும் பழைய புல்லுவெட்டி ஒன்றைத் திருத்தினேன். பற்றரி, பெல்ட் எல்லாம் புதிது. ஒரு கரைச்சல்தான் மிச்சம். ஆள் சீற்றை விட்டு எழும்பினால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் பழுதாகி, ஆள் சும்மா அசைந்தாலே எஞ்சின் நின்றுவிடும். சுவிட்சின் இரண்டு வயரையும் நேரே சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டேன். பெரிய கெட்டித்தனம் என்று நினைப்பு.

முதல் ஓட்டத்துக்கு மனைவி கற்பூரத்தோடு வந்தா. "புதுக் கார் மாதிரித்தானே, தேசிக்காய் வைச்சிட்டு ஓடுங்கோ" என்றா. நாலு சில்லுக்கும் கீழே வைத்து ஓட்டினேன். மூன்று நசிந்தது, நாலாவது உருண்டு விலகியது. அதைத் திரும்ப வைக்க, எஞ்சினையும் நிறுத்தாமல் கியரையும் எடுக்காமல் இறங்கினேன். அமத்தியிருந்த பிரேக் பெடலில் இருந்து கால் எடுபட்டதும் மெஷின் தன்பாட்டில் புறப்பட்டது.

முன்னால் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றா. கத்தினேன், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. சீற்றைப் பிடித்து இழுத்தேன். அது என்னை இழுத்துக்கொண்டு போனது. திறப்பைத் திருப்பி நிறுத்தலாம் என்பதே மண்டையில் வரவில்லை. அவவுக்கு ஒரு முழம் இருக்கும்போது முன்சில்லு பூப்பாத்திக் கல்லில் சிக்கி, எஞ்சின் திணறி நின்றது.

அப்போதுதான் கண்ணைத் திறந்தா. "என்னப்பா, முடிஞ்சுதோ?"

நான் திறப்பைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டேன்.

இப்போது புது சுவிட்ச் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் புல்லு வெட்ட முதல், சீற்றில் இருந்து எழும்பிப் பார்ப்பேன். எஞ்சின் நின்றால்தான் வேலை தொடங்குவேன்.

அந்த வயர் கதையை மட்டும் மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை. இது வெளிவரும் இந்தப் பத்திரிகையை எங்கள் வீட்டில் முதலில் வாசிப்பது அவதான்.