ஒரு கொடிக்கு ஒரு நாக்கு

மகன் திருப்பதியிலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தான். சிறுகுறிஞ்சான் பொடி. எனக்குச் சர்க்கரை வந்து நாலு வருஷம் ஆகிறது. மாத்திரையோடு இதையும் போடு என்றான். மூடியைத் திறந்தேன். காய்ந்த இலை வாசனை. கூடவே ஸ்பிரிட் வாசனையும் வந்த மாதிரி இருந்தது. அது டப்பாவில் இல்லை, என் மூக்கில் இருக்கிறது. பதினோரு வருஷம் அதில் வேலை செய்தேன், போகுமா.

திருப்பதியில் ஒரு காலேஜ், அதில் மருந்துச் செடிகளை ஆராய்கிற லேப். நான் அங்கே அட்டெண்டர், தினக்கூலி. இலையை நிழலில் உலர்த்தி, இடித்து, ஸ்பிரிட்டில் ஊற வைப்பேன். வடிகட்டி வற்றவைத்தால் அடியில் கரும்பச்சைப் பசை நிற்கும். அதைச் சுரண்டிச் சின்ன பாட்டிலில் போட்டுச் சீட்டு ஒட்டுவேன். கை எப்போதும் பச்சையாக இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சாயப்பட்டறையா என்று கேட்பார்கள். ஆமாம் என்பேன். விளக்கிச் சொல்வதற்குள் ஊர் வந்துவிடும்.

அங்கே ரேணுகா என்ற பெண் பிஎச்டி செய்துகொண்டிருந்தாள். சித்தூர்க்காரி. அவள் ஆராய்ச்சியை மேற்பார்த்த சாரிடம் தெலுங்கு, என்னிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். சோற்றிலுள்ள மாவு சர்க்கரையாக மாறுவதை இந்த இலை தடுக்குமா என்று பார்த்தாள். கண்ணாடிக் குழாயில் மாவுத் தண்ணீர், மாவை உடைக்கிற சரக்கு, எங்கள் பசை கொஞ்சம். கடைசியில் அயோடின் விடுவாள். நீலம் வந்தால் மாவு உடையவில்லை, இலை வேலை செய்கிறது. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். முதல் தடவை மை கொட்டினாற்போல நீலம். எனக்கு டீ வாங்கித் தந்தாள்.

இலை கொண்டுவருவது நான். எங்கள் ஊர் புத்தலப்பட்டுப் பக்கம். ரோட்டோர வேலியில் அந்தக் கொடி படர்ந்திருந்தது. முதல் தடவை செடிப் படிப்புக்காரர் ஒருவர் கூட வந்து பார்த்தார். அப்புறம் என்னை நம்பி விட்டுவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் அந்த இலையைக் கண்ணால் நம்ப மாட்டார்கள். ஒன்றை மென்று துப்பிவிட்டுச் சர்க்கரை போட்டுப் பார்ப்பார்கள். தித்திக்காமல் மணல் மாதிரி இருந்தால் அதுதான் சிறுகுறிஞ்சான். நான் முந்தானையில் சர்க்கரை முடிந்துகொண்டுதான் போவேன்.

இரண்டாம் தடவை பாதிக் கொடியை ஆடு மேய்ந்திருந்தது. மென்று பார்த்தேன், மணல். பறித்தேன், பை நிறையவில்லை. எதிர் வேலியில் அதே மாதிரி ஒரு கொடி. அதையும் மென்று சர்க்கரை போட்டேன். மணல். பையை நிரப்பினேன்.

அந்தப் பசைக்கு நீலம் வரவில்லை. மூன்று தடவை செய்தும் வரவில்லை. சார் முதலில் வந்த நீலத்தையே சந்தேகப்பட்டார். அளவுகளை நீயே எழுதிக்கொண்டாயா என்று எல்லோர் முன்னாலும் தெலுங்கில் கேட்டார். திங்கட்கிழமைக்குள் காரணம் சொல், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் அடித்துவிட்டு வேறு செடி எடு என்றார். மூன்று வருஷப் பாடு. ரேணுகா அழவில்லை. கழுவி வைத்த குழாய்களை மறுபடியும் கழுவினாள்.

எனக்குச் சந்தேகம். அந்தப் பையில் மீதியிருந்த இலை ஒன்றை மென்றேன். சர்க்கரை மணல். இலை சரிதான் என்று வேலையைப் பார்த்தேன். அரைமணி கழித்து யாரோ மலைக்கோவில் லட்டு கொடுத்தார்கள். வாயில் போட்டால் மண். லட்டுமேல் குற்றம் சொல்ல முடியுமா. எதிர் வேலியில் மென்றது ஞாபகம் வந்தது.

சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் பேர் போகும். ரேணுகாவிடம் போய்ச் சொன்னேன்.

"எதிர் வேலி எல வேற போலக்குதும்மா. மொதல் எல மென்ன வாயோடவே அதையும் மென்னேன். நாக்கு செத்துக் கெடந்துது, எனக்குத் தெரில."

"சார்கிட்ட சொல்வியா அக்கா?"

"சொல்றேன்."

திங்கட்கிழமை இரண்டு கொடியிலிருந்தும் இலை கொண்டுபோய் சார் மேஜையில் வைத்தேன். எதிர் வேலி இலையை முதலில் மெல்லச் சொன்னேன். மென்றார். சர்க்கரை போட்டார். தித்திக்கிறது என்றார். அப்புறம் மற்றது. சர்க்கரை போட்டார், மணல் என்றார். காபியை ஒரு வாய் குடித்தார், கீழே வைத்துவிட்டார்.

ரேணுகாவிடம், மறுபடி செய் என்றார். என்னிடம், இனிமேல் ஒரு கொடிக்கு ஒரு நாக்கு என்றார். வேலை போகவில்லை. அதன் பிறகு ரேணுகாவும் என்னோடு வந்தாள், இரண்டாவது நாக்காக. நீலம் வந்தது.

அவள் இப்போது எங்கோ வெளியூரில் பாடம் சொல்கிறாள். ரோடு அகலமானபோது இரண்டு பக்க வேலியும் போய்விட்டது. எது எந்தக் கொடி என்று இன்று யாரும் கேட்பதில்லை. டப்பாவில் எழுதியிருக்கிறது, பரிசோதிக்கப்பட்டது என்று.

பொடியை நாக்கில் தடவிக் கொப்பளித்தேன். ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டேன்.

"இன்னாம்மா பண்ற? எல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் விக்கிறாங்க" என்றான் மகன்.

சர்க்கரை தித்தித்தது. அன்று எதிர் வேலி இலையை மென்ற சாருக்குத் தித்தித்த மாதிரியே.