அம்மா வழி ரத்தம்

தங்கை ஹலெமின் நீள வீட்டு ஏணியில் ஏறும்போது ஹபுவான் வாசல் தூணைத்தான் எட்டிப் பிடிப்பாள். ஏணியின் உச்சியில் வீட்டுத் தாயின் அடையாளமாகச் செதுக்கியிருக்கும் இரண்டு முலைகளைத் தொடமாட்டாள். ஏறுகிறவர்கள் எல்லோரும் பிடித்துப் பிடித்து அவை வழவழவென்று ஆகிவிட்டன. "அது அவளோட அம்மா. நான் எதுக்குத் தொடணும்?" என்பாள். இருவருக்கும் அம்மா ஒருத்திதான்.

ஹபுவானுக்கு அறுபத்தொரு வயது. மூத்தவள். தாய்வழியில் சொத்து இறங்கும் எடே இனத்தின் வழக்கப்படி அம்மாவின் வீடு கடைக்குட்டி மகளுக்குப் போனது; கூடவே ஏழு சேகண்டிகளும் மது ஜாடிகளும் போயின. நாற்பது வருடமாக எதிர்ச்சாரியில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டே அந்த வீட்டைப் பார்த்துப் பொருமுகிறாள். தங்கை கசப்புக் கத்தரிக்காயும் கருவாடும் சமைத்து அனுப்பினால் சட்டியை வழித்துத் தின்றுவிட்டு, "உப்புப் போடக்கூட அவளுக்கு மனசு வரல" என்பாள்.

போன வருடம் மூளையில் ரத்தம் கட்டி அவளுடைய இடது கை சோர்ந்துபோனது. மறுபடி கட்டாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை. இன்னொரு தடவை வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். அந்தச் சமயத்தில்தான், எந்த இனத்தாருக்கு எந்த மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க நகரத்திலிருந்து ரத்தம் எடுக்க வந்தார்கள். ஒரு தாய் வயிற்றில் ஒருவர் போதும் என்று ஹலெமிடம் எடுத்துக்கொண்டு போனார்கள். பிறகு அவளுக்கு ஓர் அட்டை வந்தது. அக்கா சாப்பிடும் அதே மாத்திரை தங்கை உடம்பில் பலிக்காது என்று அதில் எழுதியிருந்தது.

"வீடு அவளுக்கு, சேகண்டி அவளுக்கு, இப்ப ரத்தமும் அவளுக்கா? சீக்காளி நானு, அட்டை அவளுக்கு!" என்று ஹபுவான் ஊரெல்லாம் சொல்லித் தீர்த்தாள். ஒரு நாள் தங்கை வீட்டுத் தூணில் தொங்கிய அட்டையைக் கழற்றிக்கொண்டு போய், தனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் குவேயிடம் நீட்டினாள்.

"இது உங்க தங்கச்சியோடதும்மா."

"அம்மா ஒண்ணு, குலம் ஒண்ணு. ரத்தம் மட்டும் வேறயா?"

"பாதி அப்பாகிட்டேருந்து வருதும்மா. அக்கா தங்கச்சின்னாலும் மாறும்."

"அப்பாவா? அவரு கல்யாணம் கட்டி எங்க வீட்டுக்கு வந்த மனுசன். அவருக்கு இதுல ஏது பங்கு?"

எடேப் பெண்ணிடம் இந்த வாதத்தில் ஜெயிக்க முடியாது. டாக்டரம்மா அவளுக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க ஊசியை எடுத்தாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. "மாத்திரைய ஈரல்தான் மருந்தா மாத்தணும். உங்க ஈரல் மாத்தல. அம்மா, அப்பா ரெண்டு பேர்கிட்டேருந்தும் அதே குறை வந்திருக்கு. இத்தனை நாள் முழுங்கினது வீண்தான். வேற மாத்திரை எழுதறேன்," என்றாள் டாக்டர் தயங்கித் தயங்கி.

"தங்கச்சிக்கு இருக்கிற அதேதானா?"

"அதேதான்."

"கூடக்குறைச்சல் இல்லையே?"

"துளிகூட இல்ல."

சாயங்காலம் தன் அட்டையை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு ஹபுவான் தங்கை வீட்டு ஏணியில் ஏறினாள். "கையக் குடுக்கா," என்று ஹலெம் மேலிருந்து குனிந்தாள்.

"தள்ளிக்கோடி," என்றாள் ஹபுவான். சோர்ந்த இடது கையை வலது கையால் தூக்கி, அம்மாவின் முலைமேல் வைத்துக்கொண்டாள்.