சாம்பல் விழுந்த நீச்சல் கண்ணாடிகள்

தைனான் நகரின் வடக்கே, மீன் குளங்களுக்கு நடுவில் இருந்த நீச்சல் கண்ணாடித் தொழிற்சாலையில் ஷியூலுவானுக்குப் பத்தொன்பது வருட வேலை. பிளாஸ்டிக் கண்ணாடிகளை மருந்துத் தொட்டியில் முக்கி, ஆடாமல் அசையாமல் மெதுவாகத் தூக்கி, அடுப்பில் காயவைக்க வேண்டும். பூச்சு சரியாகப் பிடித்துவிட்டால் கண்ணாடியில் ஆவி படியாது. ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்றை எடுத்து வெந்நீர்க் கோப்பையின் மேல் பிடிப்பாள். முப்பது எண்ணும்வரை தெளிவாக இருந்தால்தான் அந்தத் தட்டை வெளியே விடுவாள்.

அந்தப் பூச்சுக்கு எண்ணெய்ப் பசை ஆகவே ஆகாது. அதனால் தலைக்குத் தைலம், முகத்துக்குப் பவுடர், கைக்குக் களிம்பு எதையும் அவள் தொட்டதில்லை. குளிர்காலத்தில் விரல்கள் வெடித்து ரத்தம் கசியும். மகள் கல்யாணத்துக்கே வெறும் முகத்தோடு போய் நின்றாள். சம்பந்தி வீட்டார் கஞ்சத்தனம் என்று பேசிக்கொண்டார்கள். பேசினால் பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

அந்த வருடம் திடீரெனச் சில தட்டுகளில் ஊசிக்குத்துப் புள்ளிகள் வந்தன. முதலாளியின் மனைவி மெய்யூ, ஷியூலுவானின் பையில் கைக்களிம்பு டப்பா ஒன்றைப் பார்த்துவிட்டாள். விசாரணை அத்தோடு முடிந்தது. அடுத்த மாதத்திலிருந்து பாக்கிங் பிரிவுக்குப் போகச் சொல்லி எல்லார் முன்னாலும் உத்தரவு போட்டாள். ஷியூலுவானுக்கு அது பெரிய அவமானம்.

வீட்டுக்குப் போய் நாட்காட்டியைப் புரட்டினாள். கெட்ட தட்டுகள் எல்லாம் சந்திர மாதத்தின் இரண்டாம் நாளிலும் பதினாறாம் நாளிலும் வந்தவை. தொழில் செய்கிறவர்கள் படையல் போட்டு, தெய்வங்களுக்கென்றே அச்சிட்ட காகிதப் பணத்தை எரிக்கும் நாட்கள் அவை. மழைக்குப் பயந்து மெய்யூ எரிக்கும் தொட்டியை வாசலிலிருந்து பின்பக்கக் கூரைக்கு அடியில் மாற்றியிருந்தாள். அதற்கு நேர் மேலே, பூச்சு அறைக்குக் காற்று இழுக்கும் விசிறி.

சாமி கும்பிடுவதால்தான் சரக்கு கெடுகிறது என்று முதலாளியம்மாவின் முகத்துக்கு நேரே யார் சொல்வது? அடுத்த பதினாறாம் நாள், ஈரப்பூச்சோடு ஒரு கண்ணாடியை விசிறிப் பக்கம் நூலில் தொங்கவிட்டாள். காகிதம் எரிந்து அடங்கியதும் அதை எடுத்துப் படையல் மேசையில், ஆரஞ்சுப் பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடி முழுக்கச் சாம்பல் புள்ளிகள்.

மெய்யூ அதைப் பார்த்தாள். அண்ணாந்து விசிறியைப் பார்த்தாள்.

"அப்போ அந்தக் களிம்பு?"

ஷியூலுவான் பையிலிருந்து டப்பாவை எடுத்து நீட்டினாள். மூடியைச் சுற்றிய காகித முத்திரை கிழியாமல் அப்படியே இருந்தது.

"மக வாங்கிக் குடுத்தது. வேலையவிட்டு நின்னப்புறம் போட்டுக்கலாம்னு வச்சிருக்கேன்."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலையே, முதலாளியம்மா."

மெய்யூ மன்னிப்புக் கேட்கவில்லை. பாக்கிங்குக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். தொட்டியின் சூடு ஆறக்கூடப் பொறுக்காமல், கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, தானே அதை வாசலுக்கு இழுத்துப்போனாள்.

ஷியூலுவான் சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினாள். விரல் வெடிப்புகள் எரிந்தன. டப்பாவைப் பையில் போட்டுவிட்டுப் பூச்சு அறைக்குள் போனாள்.