ஸ்டானிஸ்லாஸ் கும்பிட்ட பாறை

1968-இல் எங்கள் தெருவில் கடலைப் பார்த்து நாலு வரிசை வீடுகள் இருந்தன. கடல் தின்றது போக 1971-இல் இரண்டுதான் மிச்சம். என் அக்கா சிலுவையம்மாளின் வீடு இப்படித்தான் முதல் வரிசைக்கு வந்தது. கடற்காற்றுக்குக் கொடுத்துவைத்தவர்கள் என்று ராயபுரத்துக்கு வெளியே இருப்பவர்கள் சொல்வார்கள்.

அக்காவின் கணவர் ஸ்டானிஸ்லாஸ் கல் லாரியில் வேலை பார்த்தார். அலையைத் தடுக்கக் கரையோரம் பாறாங்கல் கொட்டிக்கொண்டிருந்த சமயம். செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு குன்றில் வெடி வைத்து உடைப்பார்கள். எந்தத் தெருவுக்கு எந்தக் கல் என்று அங்கேயே சிவப்புப் பெயின்டில் எண் போடுவது மாமாவின் வேலை. எங்கள் தெரு பதினொன்று, கடைசி. ஆடியில் முதல் பதினொன்றை எழுதிவிட்டு வந்த அன்று அக்காவுக்கு மல்லிப்பூ வாங்கி வந்தார்.

"ஐப்பசிக்குள்ள கொட்டிடுவாங்க. இனிமே நிம்மதியா தூங்கு," என்றார்.

அதோடு நின்றிருக்கலாம். மனுஷன் அடுத்த வாரம் மழைக்கு ஒதுங்கக் குன்றின் செங்குத்தான பக்கம் ஏறினார். அங்கே பாறை கூரை மாதிரி துருத்திக்கொண்டிருந்தது. அதன் அடியில், காவி நிறத்தில், இரண்டு கைகளையும் விரித்தபடி ஓர் ஆள். சுற்றிலும் நாலைந்து மாடுகள். எங்கள் கோயில் பீடத்தைப் பார்த்தே வளர்ந்தவருக்குக் கையை விரித்து நிற்பவர் ஒருவர்தான். மாமா அங்கேயே முழந்தாளிட்டார்.

"பழைய காலத்துல எவனோ கிறுக்கி வச்சிக்கிறான் நைனா, வா," என்று டிரைவர் ஷாகுல் ஹமீது இழுத்திருக்கிறார்.

"என் வூட்டக் காப்பாத்தற மலைல ஆண்டவரே நிக்கிறாரு. இதப் போயி கிறுக்கல்ன்றியே," என்றாராம் மாமா.

அவசரப்படாதே என்று எங்கள் பங்குச் சாமியார் சொல்லிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு நாற்பது பேர் மெழுகுவத்தியோடு போனோம். நானும் போனேன், மறைப்பதற்கில்லை. அதற்கடுத்த ஞாயிறு இருநூறு பேர். பத்திரிகையில் சேதி வந்தது. அதைப் பார்த்து அரசாங்கத் தொல்பொருள் இலாகாவிலிருந்து ஒருவர் வந்தார். இது ஆண்டவர் பிறப்பதற்கு ஆயிரம் வருஷம் முன்னால் வேட்டைக்காரர்கள் தீட்டியது என்றார். பாறையில் வழிந்திருந்த மெழுகைப் பார்த்து அவருக்குக் கண்கலங்கிவிட்டதாம்.

ஒரே வாரத்தில் குன்றைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வெடிக்கும் லாரிக்கும் தடை. வேறு குன்று பார்க்கிறேன் என்று கான்ட்ராக்டர் சொன்னார். தை வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கார்த்திகையில் அக்காவின் வீடு கடலோடு போயிற்று. பட்டப்பகல். மாமா டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அடுத்த சாமானுக்குத் திரும்பியபோது உள்ளே போக வாசல் இல்லை. அதே நாளில் இன்னும் எட்டு வீடுகள் போயின. தெரு முழுக்க நின்று பார்த்தது. ஒருவர்கூட மாமாவோடு பேசவில்லை. மெழுகுவத்தி கொண்டுபோன அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, என்மேல் வந்ததும்தான்.

எண்ணூர்ப் பக்கம் குடிசை போட்டுக்கொண்டார்கள். அக்கா அவருக்குச் சோறு போட்டாள், அவர் துணி துவைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. நாலு வருஷம் கழித்து ஒருநாள் என்னிடம், "பாறைல நிக்கிற அந்த ஆள நான் பாக்கணும்டா," என்றாள். மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

குன்று இப்போது பூங்கா. பெஞ்சு, பூச்செடி, பெயர்ப்பலகை எல்லாம் இருந்தன. அக்கா படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

"இன்னா பளிச்சுனு கீறான்," என்றாள்.

இறங்கும் வழியில் புல் மண்டிய இடத்தில் பாறாங்கற்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் சிவப்பு எழுத்தில் பதினொன்று. உடைத்து, எண் போட்டு, ஏற்றாமல் விட்டுப்போனவை. மாமா அப்படியே நின்றுவிட்டார். அக்கா போய் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தாள்.

காவலாள் ஓடி வந்தார். "எந்திரிம்மா. இங்க எந்தக் கல்லயும் தொடக்கூடாது."

"இது எங்க வூட்டுக்கு எழுதுன கல்லு. கொஞ்ச நேரம் குந்திக்கறேன்."

"எந்த வூடு?"

அக்கா மாமாவைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் புடவையைத் தட்டிவிட்டு எழுந்தாள்.