பினாங்குக்குப் போன கடல்

கடலை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். அறுபதுகளின் கடைசியில், கல்யாணமான மூன்றாம் மாதம், என் வீட்டுக்காரரைப் பினாங்குக் கப்பலில் ஏற்றிவிட நாகப்பட்டினம் போனபோது. அழுத கண்ணோடு பார்த்ததில் பாதிதான் மனதில் நின்றது.

அவருக்கு அங்கே துணிக்கடையில் வேலை. நான் புதுவயலில் மாமியாரோடு இருந்துகொண்டு, காரைக்குடியில் ஒரு பெண்கள் பள்ளிக்கு டிராயிங் டீச்சராகப் போய்வந்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆள் வராமல் பார்சல் வரும். ஒரு பார்சலில் ஆயில் பெயின்ட் டியூப்கள் வந்தன. கடலை வரைய உட்கார்ந்தேன். வேறு எதை வரைவது? அவர் இருக்கும் திசையில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

முதல் படம் வெட்கக்கேடு. தண்ணீர் முடியும் இடத்தில் கறாராக ஒரு கோடு போட்டிருந்தேன். மாமியார் எட்டிப் பார்த்து, நம்ம ஊர்க் கண்மாயா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கண்மாயைப் பார்த்து வளர்ந்த கை கடலுக்கும் கரை கட்டிவிட்டது, உண்மைதான்.

தூரத்தைக் காட்டிக்கொடுத்தது ரைஸ்மில் புகை. விடியற்காலை மொட்டைமாடியில் நின்றால் அந்தப் புகையினூடே பக்கத்துப் பனை கறுப்பாக, அதற்கடுத்தது சாம்பலாக, கடைசிப் பனை வானத்தோடு வானமாகத் தெரியும். கடலையும் அப்படியே போட்டேன். முதலில் வானம். அதே நிறத்தில் ஒரு சொட்டு நீலம் கலந்து தூரத்துத் தண்ணீர். அது காய்ந்தபின் மெல்லிசாகப் பச்சை, மேலே இன்னொரு பச்சை, கிட்டே வர வர அடர்த்தியாக. கடைசியில் ஈர மணல். தண்ணீரும் வானமும் சேரும் அந்தக் கோட்டை விரலால் தேய்த்தே கரைத்தேன். ஒவ்வொரு பூச்சும் காய நாள்கணக்காகும். ஆகட்டுமே, அந்த வீட்டில் பேச ஆளில்லாத சாயங்காலங்களுக்கா பஞ்சம்?

நாலு வருஷம் கழித்து லீவில் வந்தார். இந்தத் தடவை என்னையும் கூட்டிப்போகச் சொல்வது என்று முடிவு கட்டியிருந்தேன். மாமியாரும் தன் மகள் வீட்டில் இருந்துகொள்வதாகச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரரோ படத்தின் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. விடியற்காலைக் கடல் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

புறப்படும் நாளன்று பெட்டியில் துணிகளுக்கு மேலே படத்தை வைத்தார். அப்போதுதான் கேட்டேன்.

"படத்தைக் கொண்டு போறீக. என்னைய எப்பக் கூட்டிட்டுப் போவீக?"

அவர் நிமிரவில்லை. "அங்குட்டு ஒரே ரூம்புல ஆறு பேரு கெடக்கோம். படம்னா செவத்துல இருந்துக்கிரும்."

பொய் சொல்லவில்லை, அதுதான் இன்னும் வலித்தது. படத்தைச் சுற்ற என் பழைய சேலையைக் கிழித்துக் கொடுத்தேன். பெட்டியைப் பூட்டினார். என் கையால் வரைந்த படத்தின்மேல் எனக்கே பொறாமை பொத்துக்கொண்டு வந்தது.