பாவாவின் நெஞ்சுக்குப் பனியன் துணி

அக்காவின் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி போட்டு லுங்கி நெய்கிறவர். அவருடைய இதயத்தில் பிறவியிலேயே ஓர் ஓட்டை இருந்தது ஐம்பத்தெட்டு வயதில்தான் தெரிந்தது. தறியில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் மூச்சு வாங்கியது. இன்னும் தள்ளிப்போட்டால் அடைத்தும் பயனில்லை என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஒரு துணி வச்சு தச்சிடலாம்" என்றார். அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பாவா நிமிர்ந்தார்.

"இன்னா துணி?"

"பாலியெஸ்டர்."

"அத நான் லுங்கிக்கே சேக்கறதில்ல டாக்டர்."

டாக்டர் சிரித்துவிட்டு, வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அது சுருங்குமா என்று திருத்தணியில் என் வீட்டில் வைத்துச் சோதனை நடந்தது. வெந்நீரில் போடுவதற்கு முன் அளந்தேன், நாலு சென்டிமீட்டர். எடுத்த பின்னும் நாலு. இரண்டையும் டைரியில் எழுதினேன். பாவா நூல் எண்ணும் கண்ணாடியை அதன் மேல் வைத்தார். முகம் கறுத்தது.

"நெடுக்க ஓடற பாவும் இல்ல, குறுக்க ஓடற ஊடையும் இல்ல. இது பனியன் துணிம்மா! நெசவுக்காரன் நெஞ்சுல பனியனா? ஆபரேஷனுக்குக் கையெழுத்து போட மாட்டேன்."

"உள்ள போறத எவன் வந்து பாத்துகினு இருக்கப் போறான்?" என்றாள் அக்கா.

மறுவாரம் மறுபடி சென்னை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: தறித் துணியை வெட்டினால் ஓரம் பிரியும், பின்னல் துணி அவ்வளவு சுலபத்தில் பிரியாது. அதன் கண்கள் வழியாக இவருடைய சதையே வளர்ந்து மூடிவிடும்.

பாவா யோசித்தார். "தைக்கிறது யாரு?"

"நான்தான்."

"தச்சிக் காட்டுங்க."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் நிஜமாகவே ஊசி நூல் வரவழைத்து, அந்தத் துண்டைப் பாவாவின் லுங்கி ஓரத்தில் எட்டுத் தையல் போட்டார். பாவா நூல் கண்ணாடியை வைத்துக் குனிந்து பார்த்தார்.

"ரெண்டாவது கொஞ்சம் இழுவை" என்றார். "உள்ள அப்டி வராம பாத்துக்குங்க."

"ஆங், பாத்துக்கறேன்."

கையெழுத்து கோணலாக விழுந்தது.

புதன்கிழமை ஏழே காலுக்கு உள்ளே அழைத்துப் போனார்கள். பதினொன்று நாற்பதுக்கு டாக்டர் வெளியே வந்து, ஓட்டையை அடைத்தாயிற்று, ஆள் நன்றாக இருக்கிறார் என்றார். காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்த இட்லிப் பொட்டலத்தை அக்கா அப்போதுதான் பிரித்தாள்.