மாரியம்மா அக்காவின் ஏச்சில் ஓர் இரைச்சல்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கிறுக்கலைப் படித்து, ர-வையும் ற-வையும் சரிசெய்து அச்சில் ஏற்றுகிறவருக்கு! ஐந்தாவதோடு நின்ற கை... அப்படித்தான் எழுதும்.

ஆனால் காதுக்காக மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆமத்தூரில் இருபது வருடமாக மைக் செட் வைத்திருப்பவனின் காது அது.

போன வாரம் மாரியம்மா அக்கா வந்தார். விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு கம்பெனியில் வேலை. தொண்டையில் கட்டி, மறுநாள் ஆபரேஷன். குரல் மாறிப்போனாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் பதிந்து வைக்க வேண்டும்.

"என்ன பாட்டு பாடப் போறீக?"

"பாட்டா? எம் மகள ஏசணும் தம்பி. மெட்ராஸ்ல நர்சுக்குப் படிக்கா. 'ஒங்க ஏச்சு கேக்காம விடியவே மாட்டேங்குதும்மா'ங்கா."

சேலையில் மைக்கைக் குத்தினேன். கையடக்க ரெக்கார்டரை மேஜையில் வைத்து ஹெட்போனை மாட்டினால்... ங்ங்ங்ங்! குரலுக்குப் பின்னால் வண்டு உட்கார்ந்த மாதிரி.

டியூப் லைட்டை அணைத்தேன். ஃபேனை நிறுத்தினேன். சார்ஜரைப் பிடுங்கினேன். பேட்டரியை மாற்றினேன். போகவில்லை. சுவருக்குள் ஓடுகிற ஒயரை எப்படிப் பிடுங்குவது? தெருவுக்குப் போனால் லோடு லாரிச் சத்தம்.

"மிஷினு மக்கரா, ஆளு மக்கரா?" என்றார் அக்கா.

தொடங்கச் சொல்லிக் கை காட்டினேன். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, ரெக்கார்டரின் மெட்டல் பாடியில் உள்ளங்கையைப் பதித்தார்.

இரைச்சல் நின்றது!

கையை எடுத்தார். திரும்ப வந்தது.

"அதை ஏங்க்கா தொட்டீக?"

"வேலைக்கு முந்தி செம்பத் தொடாம எப்படி தம்பி?"

பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து ரூம் வாசலில் செம்புத் தகடு இருக்கும். உடம்பில் சேர்ந்த கரண்ட் மண்ணுக்குப் போகட்டும் என்று அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள். அந்தப் பழக்கம்!

சுவர் ஒயரின் இரைச்சலை ஏரியல் மாதிரி வாங்கி மைக்குக்குக் கொடுத்தது அக்காவின் உடம்புதான். தொட்டதும் உடம்பும் ரெக்கார்டரும் ஒன்றாகிவிட்டன. நான் வீடு முழுக்கத் தேடினேன் — மைக்கை மாட்டியிருந்த ஆளைத் தவிர. நாம் தேடுகிற பல விஷயம் இப்படித்தான், இல்லையா?

இன்னொரு சிக்கல். கை வீசாமல் அக்காவுக்கு ஏச வராது. ஒரு கையை ரெக்கார்டரில் அழுத்தி, மறு கையைக் காற்றில் வீசினார்.

"ஏ கழுத! மணி எம்புட்டு? இன்னும் திங்காம செல்போன நோண்டிக்கிட்டா இருக்க?"

நாலு நிமிடம். துளி இரைச்சல் இல்லை. அப்படியே அக்காவின் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பத்து நாள் வாய் திறக்கக் கூடாது என்று உத்தரவு. நேற்றுப் பார்க்கப் போனேன். லீவில் வந்திருந்த மகள் தட்டை ஆறவிட்டு போனில் மூழ்கியிருந்தாள். அக்கா என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். தன் போனை எடுத்து, அந்தப் பதிவை முழுச் சத்தத்தில் ஓடவிட்டார்.

எழுதியது: வாய் திறக்கத் தடை விதித்த ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை.